கட்டடத்துக்காக மூடப்படும் தெருத்துண்டுகள்: லண்டன் மூலைத் தளம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

லண்டனில் பழைய கடைத்தெரு எதிலாவது நடந்து போகும்போது, விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேபிள் டை போட்டு இறுக்கியிருப்பார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, பாதி எழுத்து கலங்கியிருக்கும். பார்க்கிங் அறிவிப்பு என்று நினைத்துப் பலரும் கடந்து போய்விடுவார்கள். நின்று படித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: இன்ன தெருவின் வடக்குப் பக்க நடைபாதையில் ஒழுங்கற்ற வடிவமுள்ள ஒரு பகுதி, அதிகபட்ச நீளம் இத்தனை மீட்டர், அதிகபட்ச அகலம் இத்தனை மீட்டர், வரைபடத்தில் வரிக்கோடு போட்டுக் காட்டியபடி மூடப்பட உள்ளது, ஆட்சேபம் இருந்தால் 28 நாளுக்குள் எழுத வேண்டும்.

அந்தத் துண்டு பொதுவழியாகவே இருக்க வேண்டுமா, இல்லையா என்று பொதுமக்களிடம் கேட்கும் ஒரே கட்டம் அதுதான். 28 நாள் போனால் போனதுதான்.

இந்த ஆய்வுக்கு ஒரு மாதிரித் தளத்தை எடுத்துக்கொள்கிறேன். எந்த ஒரு பரோ கவுன்சிலின் (லண்டனின் ஒரு பகுதியை ஆளும் உள்ளாட்சி மன்றத்தின்) கோப்பும் இல்லை இது. இப்படிப்பட்ட மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே இடத்தில் சேர்த்து அமைத்தது. தளத்தின் அளவுகளும் அப்படித்தான். சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் மட்டும் உள்ளபடி.

தளம்

ஒரு கடைத்தெருவும் சிறிய பக்கத்தெருவும் சேரும் மூலை. முன்னால் நான்கு பழைய கடைகள். பின்னால், பக்கத்தெருவின் கடைசி வரை நீளும் ஒரு மூடிப்போன கார் ஒர்க்‌ஷாப். டெவலப்பர் எல்லாவற்றையும் வாங்கி இடித்துவிட்டு, கீழே கடைகள், மேலே ஐந்து மாடி ஃப்ளாட்டுகள் என்று பிளானிங் அனுமதியும் வாங்கிவிட்டார்.

பக்கத்தெரு வண்டிகளுக்கு முட்டுத்தெரு. கடைசியில் குப்பை லாரி திரும்புவதற்கென்று சுத்தியல் வடிவத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு சந்து, நடப்பவர்களுக்கு மட்டும், வளைந்து பின்தெருவுக்குப் போகிறது. பின்தெருவில் பஸ் நிறுத்தம். காலையிலும் மாலையிலும் இந்தச் சந்து வழியாகத்தான் ஜனம் கடைத்தெருவுக்கு வருகிறது. பக்கத்தெருவின் எதிர்ப்பக்கம், கடைசிக்குச் சற்று முன்னால், ஒரு சின்ன உணவகம். கடைத்தெருவில் இருந்து பார்த்தால் அதன் பெயர்ப்பலகை தெரியாது. சந்து வழியே வந்துபோகிறவர்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள்.

புதுக் கட்டடத்துக்கு மூன்று துண்டு பொதுவழி தேவைப்படுகிறது. முதல் துண்டு, கடைத்தெரு நடைபாதையில் 11 மீட்டர் நீளம், அதிகபட்சம் 1.4 மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. இரண்டாவது, சந்தின் வளைவில் 6 மீட்டர். மூன்றாவது, வண்டி திரும்பும் இடத்தின் ஒரு கை. மூன்றையும் கூட்டினால் நான்கைந்து கார் நிறுத்தும் இடம்கூட வராது. அதனால்தான் டெவலப்பர் தரப்பில் எப்போதும் ஒரே பேச்சு வரும்: இத்துணூண்டு இடத்துக்கு இவ்வளவு பெரிய நடைமுறையா? என் பதில், ஆமாம், வேண்டும். முதல் துண்டுக்கும் இரண்டாவது துண்டுக்கும் பரப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் அவற்றை மூடினால் யார் எதை இழக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விடை மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பிளானிங் அனுமதி போதாதா?

போதாது. இதில்தான் முதல் தடுமாற்றமே வருகிறது. இங்கிலாந்துச் சட்டத்தில் தெரு, நடைபாதை, புல்விளிம்பு, பொதுமக்கள் நடக்கும் சந்து எல்லாமே பொதுவழி. ஒரு தடவை பொதுவழி ஆனது என்றைக்கும் பொதுவழி என்பது அங்கே பழைய பொதுச்சட்டக் கோட்பாடு. யாரும் நடக்காமல் விட்டாலும், புல் முளைத்துப் போனாலும், கவுன்சிலே மறந்துபோனாலும், போக வர மக்களுக்கு இருக்கும் உரிமை அப்படியே நிற்கும். சட்டம் கொடுத்த அதிகாரத்தில் போடப்படும் முறையான ஆணை ஒன்றுதான் அதை எடுக்கும். பிளானிங் அனுமதி ‘இங்கே இந்தக் கட்டடம் வரலாம்’ என்று சொல்கிறது, அவ்வளவுதான். அடியில் கிடக்கும் பொதுவழியை அது தொடுவதே இல்லை. ஆணை இல்லாமல் சுவர் எழுப்பினால், 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 137-ஆம் பிரிவுப்படி வழிமறித்த குற்றம்.

மூடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. கட்டுமானத்துக்காக என்றால் வழக்கமாகப் போவது 1990 நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 247-ஆம் பிரிவு. அனுமதி பெற்ற கட்டுமானத்தை நடத்த அந்த மூடல் அவசியம் என்று அதிகாரமுள்ளவர் திருப்தி அடைந்தால் ஆணை போடலாம். அந்த அதிகாரம் மத்திய அமைச்சருடையது. மனுக்களைப் பார்ப்பது நியூகாஸிலில் இருக்கும் போக்குவரத்துத் துறையின் பிரிவு. லண்டனுக்குள் மட்டும், 1999-இல் வந்த கிரேட்டர் லண்டன் அத்தாரிட்டி சட்டத்துக்குப் பிறகு, பரோ கவுன்சிலே ஆணை போடுகிறது. நடைபாதைச் சந்து, குதிரைப்பாதை போன்றவற்றுக்கு 257-ஆம் பிரிவில் தனி வழி உண்டு.

இன்னொன்று மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போவது, நெடுஞ்சாலைச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு. அங்கே நிரூபிக்க வேண்டியது வேறு: அந்த வழி தேவையற்றது என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மக்களுக்கு இன்னும் கிட்டவோ வசதியாகவோ மாற்றிவிடலாம் என்று காட்ட வேண்டும். தினமும் ஜனம் நடக்கும் சந்தைத் தேவையற்றது என்று மாஜிஸ்ட்ரேட் முன்னால் எப்படிச் சொல்வது? எனவே நம் தளத்துக்கு 247-தான்.

தற்காலிகமாக மூடுவதை இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. கட்டுமான சமயத்தில் தெருவை அடைப்பது 1984 சாலைப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டத்தில் வரும்; சாலைக்கு 18 மாதம், நடைபாதைச் சந்துக்கு 6 மாதம் என்று பொதுவான உச்சவரம்பு. பலகை அடித்துத் தடுப்பு வைக்க கவுன்சிலிடம் லைசென்ஸ் வாங்குவது வேறு. இவை முடிந்ததும் வழி திரும்பி வந்துவிடும். 247-இல் போனது திரும்பாது.

முதல் துண்டு: நடைபாதைப் பட்டை

கேட்பதற்கு எளிது. பழைய கடைகள் தெருக்கோட்டிலிருந்து கொஞ்சம் உள்வாங்கி இருந்தன. புதுக் கட்டடம் பக்கத்துக் கட்டடத்தின் கோட்டுக்கு முன்னால் வருகிறது. மீதி நடைபாதை 3 மீட்டருக்கு மேல் நிற்கிறது. போக்குவரத்துத் துறையின் ‘இன்க்ளூசிவ் மொபிலிட்டி’ வழிகாட்டி சாதாரணமாகக் குறைந்தது 2 மீட்டர் வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே தாராளமாகப் போகலாம். இந்தத் துண்டை எதிர்க்க நடப்பவர்கள் பக்கத்தில் பெரிய காரணம் இல்லை.

ஆனால் மூடல் ஆணையின் வரைபடத்தை அனுமதிக்கப்பட்ட கட்டட வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நம் தளத்தில் வரிக்கோடு போட்ட பகுதி சுவரைத் தாண்டி 40 சென்டிமீட்டர் வெளியே வருகிறது. அந்த 40 சென்டிமீட்டரில் அனுமதிப்படி எதுவும் கட்டப்படவில்லை; பின்னால் வரப்போகும் காபிக் கடைக்கு மேசை போட வசதியாக இருக்கட்டும் என்று சேர்த்தது. அவசியம் என்ற சோதனையில் இது நிற்காது. கட்டடம் எங்கே முடிகிறதோ அங்கே வரிக்கோடும் முடிய வேண்டும். மேசை போட வேண்டுமென்றால் பொதுவழியிலேயே லைசென்ஸ் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், வழி மக்களுடையதாகவே இருக்கும்.

வரைபடத்தின் அளவுகோலும் இங்கே பெரிய விஷயம். நகரப் பகுதிகளுக்கு, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் அடிப்படை வரைபடம் 1:1250. அதில் அரை மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு கோடு போட்டால், தரையில் அந்தக் கோட்டின் அகலமே 60 சென்டிமீட்டருக்கு மேல். 1.4 மீட்டர் பட்டையைப் பற்றிப் பேசும்போது கோடே அதில் பாதியைத் தின்றுவிடுகிறது! 1:200-இல் அளந்து வரைந்த வரைபடம் இல்லாமல் இந்த மாதிரித் துண்டுக்கு ஆணை தயாரிப்பது பின்னால் சண்டையை விலைக்கு வாங்குவது.

அப்புறம், அடியில் என்ன இருக்கிறது? நடைபாதையில் குனிந்து பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். ஒரு செவ்வக இரும்பு மூடி, தொலைபேசிக் கம்பெனியுடையது. கொஞ்சம் தள்ளிக் கைப்பிடி அளவில் தண்ணீர் வால்வின் மூடி. ஒரு விளக்குக் கம்பம். அதற்கு எங்கிருந்தோ மின்கம்பி வந்தாக வேண்டும். ஆணையின் அறிவிப்பு தண்ணீர், கேஸ், மின்சாரம், தொலைபேசிக் கம்பெனிகளுக்கும் போகும். பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் முதல் ஆட்சேபக் கடிதம் வரும். வழி போவதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. தங்கள் குழாயையும் கம்பியையும் யார் செலவில் மாற்றுவது என்பதுதான் கேள்வி. ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தானதும் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். மாதக்கணக்கில் இழுப்பதும் இதுவே. மனு போடுவதற்கு முன்பே பேச்சைத் தொடங்கியவர்கள் பிழைத்தார்கள்.

மண் யாருடையது என்பது தனிக் கதை. நெடுஞ்சாலைப் பொறுப்புள்ள கவுன்சிலுக்குச் சாதாரணமாகச் சொந்தமாவது மேற்பரப்பும், அதைப் பராமரிக்கத் தேவையான ஆழமும்தான். 1954-இல் ஒரு தீர்ப்பில் டென்னிங் பிரபு அதை மண்வெட்டி ஒருதரம் இறங்கும் ஆழம், வேண்டுமானால் இரண்டுதரம் என்று அளந்து சொன்னார். அதற்குக் கீழே உள்ள மண், எதிர்ச் சான்று இல்லாவிட்டால், தெருவை ஒட்டிய இடத்துக்காரருக்குத் தெருவின் நடுக்கோடு வரை சொந்தம் என்று அனுமானிப்பார்கள். வழி மூடப்பட்டதும் மேற்பரப்பும் அந்த மண்ணுக்காரருக்கே போய்ச்சேரும்.

மூடல் ஆணை நிலத்தை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. நம் தளத்தில் அந்தப் பட்டை என்றோ தெருவை அகலப்படுத்தக் கவுன்சில் விலைக்கு வாங்கிய நிலம், அதனால் அடிமண்ணும் கவுன்சிலுடையது. டெவலப்பர் தனியாக வாங்க வேண்டும். 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி, நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்குக் குறைவாகக் கவுன்சில் விற்கக் கூடாது.

இங்கே எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பிளானிங் அனுமதி கொடுத்தது கவுன்சில். மூடல் ஆணை போடப்போவது கவுன்சில். நிலத்தை விற்றுக் காசு வாங்குவதும் கவுன்சில். சட்டப்படி இதில் தவறில்லை, வெவ்வேறு துறைகள் வெவ்வேறு தீர்மானங்கள் எடுக்கின்றன. ஆனால் ஆணை போடும் அதிகாரியின் அறிக்கையில் நிலம் விற்பதன் வருமானம் ஒரு காரணமாக எட்டிப் பார்த்தால், அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். கேள்வி வழியைப் பற்றியது.

இரண்டாவது துண்டு: சந்து

தளத்தின் உண்மையான வழக்கு இதுதான். சந்தின் வளைவில் 6 மீட்டர் மேல் பின்பக்கக் கட்டடம் உட்காருகிறது. மூடினால் பஸ் நிறுத்தத்திலிருந்து கடைத்தெருவுக்கு 190 மீட்டர் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

டெவலப்பரின் முதல் வாதம், கவுன்சில் பராமரிக்கும் தெருக்களின் பட்டியலில் சந்தே இல்லை என்பது. பட்டியலில் இல்லாததால் அது பொதுவழி இல்லை என்று ஆகாது. கவுன்சில் செலவில் பராமரிக்கும் வழிகள் மட்டுமே அந்தப் பட்டியலில் வரும். 20 வருஷம் மக்கள் தடையில்லாமல், உரிமையோடு நடந்திருந்தால், நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு அதைப் பொதுவழியாக ஒப்படைத்ததாக அனுமானிக்கச் சொல்கிறது; அப்படி ஒப்படைக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று இடத்துக்காரர் காட்டியிருந்தால் மட்டும் விலக்கு. இந்தச் சந்தில் தேய்ந்துபோன கல், பழைய இரும்புக் கைப்பிடி, நடுவில் வண்டி வராமல் ஊன்றிய ஒரு இரும்புத்தூண். பூட்டிய கதவோ, தனியார் வழி என்ற பலகையோ எங்கும் இல்லை. ஆணைக்கு மனு போடுவதே அது பொதுவழி என்று ஒப்புக்கொள்வதுபோலத்தான். அந்த வாதத்தைச் சீக்கிரம் விட்டுவிடுவது டெவலப்பருக்கே நல்லது.

அடுத்தது, உணவகம். இங்கே 1971 நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 209-ஆம் பிரிவில், அதாவது இப்போதைய 247-க்கு முன்னோடியில், எழுந்த வசிலியோ வழக்கைப் படிக்காமல் யாரும் தீர்மானம் எடுக்கக் கூடாது. 1991 தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. வசிலியோவும் உணவகக்காரர். கட்டுமானத்துக்காகத் தெருவை மூடினால் அவர் கடை இருக்கும் பகுதி முட்டுத்தெரு ஆகிவிடும், வழிப்போக்கர் வரவு போய்விடும். அந்த வியாபார நஷ்டத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டில் ஆணை போடப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது.

தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் பிடித்தது, அது நேராக இருப்பதால். வழியை மூடும் ஆணை அந்த உணவகக்காரரிடமிருந்து ஒரு சட்டபூர்வமான அனுகூலத்தை எடுத்துவிடுகிறது. நஷ்டஈடு கேட்க இந்தப் பிரிவில் வழியே இல்லை. நஷ்டஈடும் கிடையாது, நஷ்டத்தை எடைபோடவும் மாட்டோம் என்றால் அந்த ஆள் எங்கே போவார்? ஆகவே ஆணை போடுபவர் அந்தப் பாதிப்பைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்காக ஆணையே போடக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எடைபோட்ட பிறகும் கட்டுமானத்தின் நன்மையே கனமானது என்று தீர்மானிக்கலாம். தராசில் வைக்காமல் விடுவதற்குத்தான் இடமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிளானிங்கில் முடிந்துபோன விஷயத்தை இங்கே மறுபடி கிளற முடியாது. ஐந்து மாடி அதிகம், வெயில் மறைக்கிறது, கட்டடம் அழகாக இல்லை என்று 28 நாளுக்குள் எழுதி அனுப்பும் கடிதங்கள் வீண். எத்தனையோ பேர் நல்ல ஆட்சேபம் கையில் வைத்துக்கொண்டு, அதை இந்தக் குறைகளுக்கு நடுவே ஒரு வரியாகப் புதைத்துவிடுகிறார்கள். வழியைப் பற்றி மட்டும் எழுத வேண்டும்: யார், எந்த நேரத்தில், எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள், சுற்றுவழியில் ஏற்றம் உண்டா, படி உண்டா, எத்தனை தெருவைக் கடக்க வேண்டும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவரும் கைத்தடி ஊன்றி வருகிறவரும் என்ன செய்வார்கள். உணவகக்காரர் மதிய வியாபாரக் கணக்கையும், சந்து வழியே வருகிறவர்களை ஒரு வாரம் எண்ணிய எண்ணிக்கையையும் சேர்த்தால் அவர் கடிதத்தின் கனமே வேறு. கவுன்சில் அதிகாரியால் அதை ஒதுக்கித் தள்ள முடியாது.

பிரிட்டனின் ரயில்பாதை நிறுவனமான நெட்வொர்க் ரயிலின் வழக்கில் 2017-இல் ஹோல்கேட் நீதிபதி இந்தச் சட்டத்தை இரண்டு சோதனைகளாகப் பிரித்துத் தெளிவாக்கினார். அது 257-ஆம் பிரிவு வழக்கு, ஆனால் 247-க்கும் அதே அளவுகோல். முதலாவது அவசியம்: அனுமதித்த கட்டடத்தைக் கட்ட மூடல் தேவைதானா? இரண்டாவது தகுதி: மூடுவதால் பொதுமக்களுக்கோ குறிப்பிட்டவர்களுக்கோ வரும் நஷ்டம், அனுமதி இருந்தும் ஆணையை மறுக்கும் அளவுக்குப் பெரியதா? முதல் துண்டில் இரண்டாவது சோதனை ஒரு பத்தியில் முடிந்துவிடும். சந்தில் அதுவே முழு வழக்கு.

அவசியம் என்ற சோதனையில் சந்து எளிதாகத் தேறிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். அனுமதித்த வரைபடத்தில் சுவர் சந்தின் மேலேதான் நிற்கிறது. வேறு மாதிரிக் கட்டியிருக்கலாமே என்பது இந்தக் கட்டத்தில் எடுபடாது. பிளானிங் மனு கவுன்சிலில் இருந்தபோதே யாராவது தரைத்தள வரைபடத்தைப் பார்த்து, சந்து எங்கே போச்சு என்று கேட்டிருந்தால் ஒரு கடிதத்தில் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை, ஏனென்றால் அந்த வரைபடத்தில் சந்து வெறும் மெல்லிய புள்ளிக்கோடு. பெயர்கூட எழுதவில்லை.

நம் தளத்தில் முடிவு இப்படிப் போகிறது. உணவகக்காரரும் சுற்றியிருக்கிற குடியிருப்பாளர்களும் ஆட்சேபித்தார்கள், விலக்கிக்கொள்ளவில்லை. லண்டனில் இப்படி ஆட்சேபம் நின்றால், கவுன்சில் அதை லண்டன் மேயருக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணை தேவையில்லை என்று அவர் தீர்மானித்தால் ஒழிய, உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். ஆய்வாளர் வருவார், சாட்சி சொல்ல வேண்டும், வக்கீல் செலவு, குறைந்தது பல மாதம். டெவலப்பர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டார். தரைத்தளத்தில் இரண்டு குப்பைத்தொட்டி அறைகளை இடம் மாற்றினால், கட்டடத்துக்கு அடியிலேயே 2.5 மீட்டர் அகலத்தில் நேரான ஒரு நடைவழி விடலாம் என்று தெரிந்தது. மேலே கட்டடம் பொதுவழியின் மேல் நிற்பதற்கு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் லைசென்ஸ் வாங்கலாம். வளைந்த சந்தின் ஒரு பகுதி மட்டும் நேராகத் திருப்பப்படுகிறது. 247-இல் மூடுவதோடு திருப்பிவிடவும் அதிகாரம் உண்டு.

கட்டடத்துக்கு அடியில் நடைவழி என்றதும் இருட்டு மூலை என்ற பயம் வரும், நியாயமான பயம். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிய வேண்டும். விளக்கு இரவு முழுக்க எரிய வேண்டும், அதன் பராமரிப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கதவு வைக்கக் கூடாது. பாதுகாப்புக்காக இரவில் மட்டும் பூட்டிக்கொள்கிறோம் என்று ஒரு கோரிக்கை கட்டாயம் வரும், அதற்கு இடம் கொடுத்தால் கொஞ்ச காலத்தில் அது அந்த ஃப்ளாட்டுகளின் சொந்த வாசல் ஆகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் கவுன்சில் பிடிவாதமாக நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புது வழி முறைப்படி பொதுவழியாக ஒப்படைக்கப்பட வேண்டும். சும்மா ‘மக்கள் நடக்கலாம்’ என்று அனுமதித்துவிடுவது போதாது. அனுமதி கொடுத்தவர் நாளைக்கே அதை எடுத்துவிட முடியும்.

மூன்றாவது துண்டு: வண்டி திரும்பும் இடம்

இதில் சர்ச்சை குறைவு, கணக்குதான் அதிகம். பரோவின் மிகப் பெரிய குப்பை லாரி புது வடிவத்தில் திரும்ப முடியுமா என்று கம்ப்யூட்டரில் சக்கரத் தடம் வரைந்து காட்ட வேண்டும். திரும்ப முடியாவிட்டால் லாரி பக்கத்தெரு முழுக்கப் பின்னோக்கி வரும். நடப்பவர்களுக்கு அது ஆபத்து. டெவலப்பர் தன் நிலத்தில் வேறு பக்கம் ஒரு கை சேர்த்துக் கொடுக்கிறார், கவுன்சில் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆணையில் ஒரே ஒரு வாசகம் மட்டும் தவறாமல் இருக்க வேண்டும்: புதுத் திரும்பிடம் கட்டி முடிந்து கவுன்சில் திருப்தி அடைந்த பிறகே பழையது மூடப்படும். அந்த வாசகம் விட்டுப்போனால் இடைப்பட்ட மாதங்களில் லாரி திரும்ப இடமே இருக்காது.

காலக்கணக்கு

டெவலப்பர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கே. பிளானிங் அனுமதி வந்ததும் வங்கிக் கடன், கான்ட்ராக்டர் எல்லாம் தயார். மூடல் ஆணை மட்டும் பட்டியலில் கடைசி. வரைவு ஆணை, உள்ளூர்ப் பத்திரிகையிலும் அரசிதழான லண்டன் கெஜட்டிலும் அறிவிப்பு, மூடப்படும் பகுதியின் முனைகளில் தாள், 28 நாள், ஆட்சேபங்களோடு பேச்சு, ஆணை, மறுபடி அறிவிப்பு, அதற்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் செல்லாது என்று வழக்குப் போட 6 வாரம். ஒரு ஆட்சேபமும் வராவிட்டாலும் மாதங்கள் ஓடும்.

பொறுமை இல்லாதவர்கள் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். 1980-இன் ஆஷ்பி வழக்கு அதைப் பற்றியது. பாதையின் மேல் வீடுகள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். கட்டுமானம் இன்னும் பாக்கி இருக்கிறதால் ஆணை போட அதிகாரம் உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்துவிட்டு ‘தொடங்கினால் பரவாயில்லை’ என்று எடுத்துக்கொள்பவர்கள் அதன் மறுமுனையைப் பார்ப்பதில்லை: சட்டம் சொல்வது கட்டுமானத்தை ‘நடத்த’ ஆணை அவசியமா என்று. முழுக்கக் கட்டி முடித்துவிட்டால் நடத்த எதுவும் பாக்கி இல்லை, இந்தக் கதவு சாத்திக்கொள்ளும். கட்டடம் பொதுவழியின் மேல் நிற்கும், மூடுவதற்கு இந்தப் பிரிவு கை கொடுக்காது.

சட்டம் இதற்கு ஒரு நல்ல வழியும் வைத்திருக்கிறது. 1990 திட்டமிடல் சட்டத்தின் 253-ஆம் பிரிவும், அதில் 2013 வளர்ச்சி, உள்கட்டமைப்புச் சட்டம் கொண்டுவந்த திருத்தமும் சேர்ந்து, பிளானிங் மனு நிலுவையில் இருக்கும்போதே மூடல் நடைமுறையைத் தொடங்க அனுமதிக்கின்றன. ஆணை மட்டும் அனுமதி வந்த பிறகே இறுதியாகும். இரண்டையும் ஒன்றாக நடத்தினால் டெவலப்பருக்குக் காலம் மிச்சம் என்று சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கட்டட வரைபடம் இன்னும் இறுகாத நேரத்திலேயே கம்பத்தில் அறிவிப்புத் தாள் ஏறிவிடும் என்பது. இந்தத் தளத்தில் அப்படிச் செய்திருந்தால் குப்பைத்தொட்டி அறைகள் முதல் வரைபடத்திலேயே இடம் மாறியிருக்கும். இப்போது டெவலப்பர் மாற்றிய வரைபடத்துக்கு மறுபடி பிளானிங் ஒப்புதல் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று, ஃப்ளாட் வாங்கப் போகிறவர்களுக்கு. வாங்குபவரின் வக்கீல் கவுன்சிலில் நெடுஞ்சாலை எல்லையைத் தேடும்போது, மூடிய துண்டு பதிவேட்டில் இன்னும் பொதுவழியாகவே இருந்தால் முத்திரையிட்ட ஆணையையும் அதன் வரைபடத்தையும் கேட்பார். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் சொத்து வரைபடம் இதற்கு உதவாது. பொதுவழி எது என்று அது காட்டுவதில்லை. கட்டடத்தின் ஒரு தூண் ஆணையின் வரிக்கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே நின்றாலும் கடன் கொடுக்கும் வங்கி கையெழுத்தை நிறுத்திவிடலாம். அப்போது அந்த ஒரு சாணுக்காக மறுபடி ஒரு தாள் கம்பத்தில் ஏறும். ஆனால் கட்டடம் முடிந்திருந்தால் 247-ஆம் பிரிவில் இல்லை. மாஜிஸ்ட்ரேட் முன்னால், அந்த வழி தேவையற்றது என்று நிரூபிக்கச் சொல்லும் 116-இல்.